மாற்றுக்கு என்ன இருக்கிறது? (சேகரிப்போர் கேள்வி–பதில்)

சென்ற இதழில் தபால் முத்திரை பற்றி எழுதும்போது, என்னிடம் அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளும் ஓர் அலுமாரித் தட்டு நிறைய இருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கத்தை நிரப்பியிருக்கின்றன. முத்திரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: சேர், ரொறன்ரோவில் இருக்கும் என் மாமா விடுமுறைக்கு வந்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய பேஸ்போல் அட்டைகள் தந்துவிட்டுப் போனார். அவர் அங்கே பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்த்தவை. எல்லாம் 1987 முதல் 1992 வரை. “விற்றால் நல்ல காசு வரும்” என்கிறார். உண்மையா? இதை வைத்து நானும் ஒரு சேகரிப்புத் தொடங்கலாமா?
— உயர்தர மாணவன், கல்லடி

பதில்: கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு வராது, தம்பி. மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பல வருடங்களாக அமெரிக்காவில் பேஸ்போல் அட்டை என்றால் டொப்ஸ் என்ற ஒரே கம்பனிதான். சுவிங்கம் விற்கத்தான் அட்டை போட்டார்கள். 1980இல் நீதிமன்றத்தில் அந்த ஏகபோகம் உடைந்தது. அடுத்த வருடமே ஃபிளியர், டொன்ரஸ் என்று இரண்டு கம்பனிகள் இறங்கின. 1988இல் ஸ்கோர், 1989இல் அப்பர் டெக். அதே காலத்தில்தான், 1950களின் அட்டைகள் பெரிய விலைக்குப் போகின்றன என்ற கதையும் ஊரெல்லாம் பரவியது. பழைய அட்டை ஏன் அரிதானது? பிள்ளைகள் வளர்ந்ததும் தாய்மார் கூட்டிக் குப்பையில் போட்டதால். இந்த முறை ஒருவரும் போடவில்லை. பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். கம்பனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமானுக்கு யார் காசு தருவார்? அந்தக் காலத்து அட்டைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்களே குப்பை என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துவிடுங்கள். 1989 அப்பர் டெக் அட்டைகளில் 1ஆம் இலக்கம் இருக்கிறதா? தோளில் துடுப்பை வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரு பையன், கென் கிரிபி ஜூனியர். இருந்தால் உடனே தனி உறையில் போட்டு, யாருக்கும் காட்டாமல் வையுங்கள். கோடீஸ்வரர் ஆக மாட்டீர்கள். ஆனால் அந்தக் குப்பைக் காலத்திலும் எல்லாரும் கேட்கிற அட்டை அது. அடுத்தது, அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஓ-பீ-சீ. கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரத்துக் கம்பனி. டொப்ஸின் அனுமதியோடு கனடாக்காரருக்காக அச்சடித்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களில் இதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மொழிப் படிவங்களை நிரப்பியே வளர்ந்த நமக்கு இரண்டு மொழி அட்டை புதினமில்லை, அவர்களுக்குப் புதினம்.

இனி, சேகரிப்பைத் தொடங்குவது. பெட்டி நிறைய அட்டை இருந்தால் அது சேகரிப்பு ஆகிவிடாது. எதைச் சேர்க்கிறோம் என்று ஒரு முடிவு வேண்டும். ஒரு வருடத்து முழுச் செட், அல்லது ஒரு அணி, அல்லது ஒரே ஆட்டக்காரர். நான் 1987 டொப்ஸ் செட்டைப் பிடித்துக்கொண்டவன். ஓரமெல்லாம் மரப்பலகை போல அச்சிட்ட அட்டைகள்; மொத்தம் 792. ஒன்பது பை உள்ள அல்பம் தாளில் போட்டால் சரியாக 88 தாள், ஒரு பை கூட மிச்சமில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே நான் அதில் விழுந்துவிட்டேன். உங்களுக்கு நான் சொல்வது வேறு. மாமா ரொறன்ரோக்காரர். அந்த ஊர்ப் புளூ ஜேஸ் அணி 1992இலும் 1993இலும் அடுத்தடுத்து, பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது அவர் அங்கே இருந்திருப்பார். 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி ஜோ கார்ட்டர் அடித்து வெற்றி தேடித்தந்த கடைசி அடியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள், தொலைபேசியை வைக்கவே மாட்டார். அந்த அணியை எடுங்கள். 1992 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட் போர்டர்ஸ், அடுத்த வருடத்தவர் போல் மொலிட்டர். உங்கள் பெட்டி 1992உடன் நின்றுவிடுகிறது என்பதால் 1993, 1994 அட்டைகளை நீங்கள் தேடித்தான் ஆக வேண்டும். தேடுவதற்கு ஒன்றும் இல்லாத சேகரிப்பு சீக்கிரம் அலுத்துவிடும்.

பெட்டியில் மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான அட்டைகள் மாற்றுக்கு. காசுக்கு உதவாது என்றேனே, மாற்றுக்கு அவை நன்றாகவே உதவும். உங்களுக்கு வேண்டாத யாரோ ஒரு பந்து வீச்சாளரின் 1988 அட்டை, இன்னொருவருடைய அல்பத்தில் காலியாக இருக்கிற பைக்குரிய அட்டையாக இருக்கும்.

மாற்றுக்குப் போகும் முன்பு மூன்று பட்டியல் எழுதுங்கள். வேண்டியவை, கொடுக்கக்கூடியவை, என்ன கொடுத்தாலும் கொடுக்காதவை. முதல் இரண்டையும் எல்லாரும் எழுதுவார்கள். மூன்றாவதை எழுதாமல் போய், முகத்துக்கு நேரே ஒருவர் கெஞ்சிக் கேட்கும்போது இளகிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் வீட்டில் இருந்து யோசிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். கொடுக்காத அட்டையை மாற்றுப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

கேள்வி: என் கூட்டாளியிடம் லசித் மாலிங்கவின் ஐபிஎல் அட்டை இருக்கிறது. அவனுடைய சாச்சா சென்னையிலிருந்து கொண்டுவந்தது. எனக்கு மாலிங்க என்றால் உயிர். பதிலுக்கு என்னிடமுள்ள அட்டைகளில் பத்தைக் கேட்கிறான். மற்றக் கூட்டாளிமார் “ஏமாறாதே” என்கிறார்கள். பத்துக்கு ஒன்று நியாயமா, நாநா?
— மாலிங்க ரசிகன், காத்தான்குடி

பதில்: பேஸ்போல் பக்கத்தில் கிரிக்கெட்டைக் கொண்டுவந்த உங்களுக்கு முதலில் நன்றி. டொப்ஸ் கம்பனிதான் இந்தியாவில் ஐபிஎல்லுக்கும் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ அட்டை போட்டது, ஆகவே குடும்பம் ஒன்றுதான்.

பத்துக்கு ஒன்று அநியாயம் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1979 முதல் பெக்கெட் என்ற விலைப் புத்தகம் வந்தது. இரண்டு பேர் மாற்றும்போது நடுவில் அதை வைத்து, உன்னுடையது இத்தனை டொலர், என்னுடையது இத்தனை டொலர் என்று சமன் செய்வார்கள். வாங்க விற்கச் சந்தை இருக்கிற ஊரில் அது சரி. காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் இந்த அட்டைக்கு எங்கே சந்தை? விற்கவே முடியாத இடத்தில் விலை பேசி என்ன பிரயோசனம்?

நான் பார்ப்பது இதை. அந்தப் பத்தில் எத்தனை டபிள், அதாவது உங்களிடம் ஒன்றுக்கு மேல் இருப்பவை? பத்தும் டபிள் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். உங்கள் அல்பத்தில் ஒரு பையும் காலியாகப் போவதில்லை, மாலிங்க வந்து சேருகிறார். பத்தில் இரண்டு மூன்று உங்கள் செட்டிலிருந்து பிடுங்க வேண்டியவை என்றால், அவற்றுக்குப் பதில் வேறு டபிள் தரலாமா என்று கேளுங்கள். பன்னிரண்டு தருகிறேன், ஆனால் இந்த மூன்றும் இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வான்.

இன்னொன்று. ஒரு நல்ல அட்டையைக் கொடுத்துப் பத்துச் சாதாரண அட்டை வாங்குகிறவனுக்குத்தான் வேலை அதிகம். அவன் அந்தப் பத்துக்கும் இனி ஆள் தேட வேண்டும். ஆகவே ஒன்றை எடுக்கிறவர் கொஞ்சம் கூடக் கொடுப்பது சேகரிப்பாளரிடையே உள்ள வழக்கம்தான். அதை ஏமாற்று என்று எடுக்கக் கூடாது. உங்கள் கூட்டாளி கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

கொடுக்கிற அட்டையின் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான்கு இடம் பார்க்க வேண்டும்: மூலைகள் மழுங்கியிருக்கிறதா, ஓரம் உரிந்திருக்கிறதா, முகப்பில் கீறல் இருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா. அமெரிக்காவில் இதைப் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவதற்கே கம்பனிகள் இருக்கின்றன. உங்களுக்கு நல்ல வெளிச்சமும் கண்ணும் போதும். அப்புறம், எதிராளியின் அட்டையை “இது பழசு, இதை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்” என்று மட்டம் தட்டி விலை குறைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. எடுக்கிற எண்ணம் இல்லாவிட்டால் ஏன் கையில் எடுத்துப் பார்த்தீர்கள்?

கேள்வி: கண்டியில் ஒருவரோடு தபாலில் அட்டை மாற்றுவதாகப் பேசியிருக்கிறேன். நேரில் கண்டதில்லை. யார் முதலில் அனுப்புவது? எப்படிப் பொதி செய்தால் மடியாமல் போகும்?
— ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வாழ்நாள் முழுக்கத் தபாற்கந்தோரில் கடிதம் பிரித்தவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், இனி நான் நிறுத்த மாட்டேன்.

வழக்கம் இதுதான்: இருவரில் புதியவர் முதலில் அனுப்புவார். பல பேரோடு மாற்றிப் பெயர் எடுத்தவருக்கு, தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனம் வராது என்ற கணக்கு. இருவரும் புதியவர்கள் என்றால் ஒரே நாளில் அனுப்பி, பதிவுத் தபால் இலக்கத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன்பு இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புவது கட்டாயம். பின்பக்கத்தைக் காட்டத் தயங்குகிறவரின் அட்டையில் பின்பக்கம் ஏதோ இருக்கிறது. முதல் தடவை நாலைந்து சாதாரண அட்டையோடு நிறுத்துங்கள்.

பொதி செய்வது. அட்டையை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். வெளிநாட்டில் இதற்கென்றே கெட்டியான பிளாஸ்டிக் கூடு விற்கிறார்கள். இல்லாவிட்டால், புதுச் சேட்டுக்குள் மடிப்பு நிற்க வைத்திருப்பார்களே ஒரு மட்டை, அது அருமையான சாமான். பெருநாள், தைப்பொங்கல் முடிந்த கையோடு வீடு வீடாகக் கேட்டு வாங்கி வையுங்கள். அட்டையைவிடச் சுற்றிவர ஒரு விரல் அகலம் பெரிதாக இரண்டு துண்டு வெட்டி, நடுவில் அட்டையை வைத்து, மட்டைக்கு மட்டை செலோடேப் ஒட்டுங்கள். டேப் உறையில் படவே கூடாது. டேப்பின் நுனியைச் சிறிது மடித்து விடுங்கள், பிரிக்கிறவர் உங்களை வாழ்த்துவார். கத்தி வைத்துப் பிரித்து உள்ளே இருந்த அட்டையையும் சேர்த்து அறுத்தவர்கள் உண்டு.

இனி ஒரு தொழில் ரகசியம். கடித உறையின் மேல் வலது மூலையில்தான் முத்திரை ஒட்டுகிறோம். அந்த இடத்தில்தான் தபாற்கந்தோரில் இரும்பு முத்திரையால் ஓங்கிக் குத்துவார்கள். அதில் இரக்கம் பார்ப்பதற்கு நேரம் கிடையாது, எனக்கும் கிடைத்ததில்லை. ஆகவே மட்டையை உறையின் கீழ் இடது பக்கம் வைத்து, நகராமல் ஒரு கடதாசியால் சுற்றி வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் சீஎன் 22 என்ற சுங்கச் சிட்டையை நிரப்பி ஒட்ட வேண்டும். “விளையாட்டு அட்டைகள்” என்று உண்மையை எழுதுங்கள். உள்நாட்டுக் கடிதத்தில் வெளியே ஒன்றும் எழுத வேண்டாம். உள்ளே நல்ல சாமான் இருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பானேன்?

கிடைத்தவுடன் “வந்து சேர்ந்தது” என்று ஒரு சொல் சொல்லுங்கள். நம்மவர்கள் மறக்கிற விஷயம் இது.

கேள்வி: அட்டையின் பின்பக்கம் முழுக்க இலக்கங்கள். .300 என்று தசம புள்ளியில் தொடங்குகிறது. இது நல்லதா, கெட்டதா?
— ஆசிரியை, திருக்கோவில்

பதில்: நல்லது, ரீச்சர். மிக நல்லது. கிரிக்கெட் சராசரி என்பது ஒரு ஆட்டமிழப்புக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு. பேஸ்போலில் அது வேறு: துடுப்பெடுத்த தடவைகளில் எத்தனை தடவை ஒழுங்கான அடி விழுந்தது. பத்துக்கு மூன்று விழுந்தால் .300. பத்தில் ஏழு தடவை தோற்றவனை அங்கே வீரன் என்கிறார்கள். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்ததை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எச்ஆர் என்ற இரண்டு எழுத்து இருந்தால், வேலிக்கு வெளியே அடித்து முழுச் சுற்று ஓடியவை. ஆர்பிஐ என்றால் அவருடைய அடியால் ஓடி வந்து சேர்ந்த ஓட்டங்கள். பந்து வீச்சாளருக்கு ஈஆர்ஏ; ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பது, குறைந்தால்தான் நல்லது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் எல்லே பார்த்திருப்பீர்கள் அல்லவா, மூங்கில் தடியால் அடித்துவிட்டு நிலை நிலையாகச் சுற்றி ஓடி வருவது. அதைப் பார்த்தவருக்கு பேஸ்போல் விளங்க அரை மணி நேரம் போதும். உங்கள் வகுப்பில் தசமம் படிப்பிக்கும்போது இரண்டு அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பாடப்புத்தகக் கணக்கைவிட இது நன்றாக நடக்கும்.

கேள்வி: டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. என் கணவரின் அட்டைகள் நனையவில்லை, ஆனால் பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவர் கவலையில் பெட்டியைத் திறப்பதே இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, வாழைச்சேனை

பதில்: இழுத்துப் பிரிக்க வேண்டாம், தங்கச்சி. அதுதான் முதல் விதி. இழுத்தால் ஒரு அட்டையின் முகம் இன்னொன்றின் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியவை எந்த வருடத்தவை என்று பாருங்கள். 1980களின் டொப்ஸ் அட்டை சொரசொரப்பான மட்டை. ஈரம் பட்டால் வளையும், ஆனால் இலேசில் ஒட்டாது. 1989க்குப் பிறகு வந்த பளபளப்பு அட்டைகள்தான் ஒட்டுகின்றன, முகப்பில் பூசிய மினுக்கம் இளகுவதால். கட்டியை மழையில்லாத நாளில், வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் சில நாள் வையுங்கள். பிறகு இரு கையாலும் கட்டியின் இரு பக்கத்தையும் பிடித்து, மிக இலேசாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வளையுங்கள். மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்டு ஒவ்வொன்றாக விடும். விடாதவற்றை விட்டுவிடுங்கள், சிலது போகத்தான் போகும்.

பிறகு திரும்ப நடக்காமல் பார்க்க வேண்டும். நம் கரையில் உப்புக் காற்று வருடம் முழுக்க, மழை மார்கழியில். அமெரிக்காக்காரர் சொல்கிற “வீட்டு வெப்பநிலையில் வையுங்கள்” என்பது இங்கே செல்லாது. பளபளப்பு அட்டைகளைத் தனித்தனி உறையில் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் பெட்டிக்குள் போட்டு, மழைக்காலத்துக்கு முன்பு மாற்றுங்கள். றப்பர் பாண்ட் போட்டுக் கட்ட வேண்டாம், அது இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும், ஓரத்தையும் அறுக்கும். பிவிசி வாசம் அடிக்கிற மலிவு அல்பம் தாள் வேண்டாம். லமினேட் செய்யவே வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்து கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பதுண்டு. இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் மண் தரையில் வைத்த மட்டைப் பெட்டி கலியாண விருந்து. அலுமாரியின் மேல் தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடிப் பக்கத்து வீடுகளில் மேல் தட்டு பற்றி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சுவிங்கம் பொதியில் வந்த பழைய அட்டைகளில் மெழுகுக் கறை இருந்தால், பழைய நைலோன் காலுறையால் முகப்பை மெதுவாகத் தேயுங்கள். போய்விடும். பின்பக்கம் பட்ட கறை போகாது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனிடமிருந்த பளபளப்பான அட்டை ஒன்றைப் பெரிய வகுப்புப் பொடியன் நாலு சாதா அட்டை கொடுத்து எடுத்துவிட்டான். வாப்பா போய்ச் சண்டை பிடிக்கப் பார்க்கிறார். போக விடவா?
— ஒரு உம்மா, சாய்ந்தமருது

பதில்: வாப்பாவை இருக்கச் சொல்லுங்கள். முதலில் மகனிடம் கேளுங்கள், அவனுக்கு வருத்தமா? நாலு அட்டை கிடைத்ததில் அவன் சந்தோஷமாக இருந்தால், நீங்கள் இரண்டு பேரும்தான் ஏமாந்தவர்கள், அவன் இல்லை. வருத்தம் என்றால், அந்தப் பொடியன் பொய் சொன்னானா என்று பாருங்கள். “இது உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கு” என்று சொல்லியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டியவன் மகன், நீங்கள் தள்ளி நின்றால் போதும். பிள்ளைகளுக்கு நான் சொல்கிற சட்டம் ஒன்று: மாலை மஃரிப் பாங்குக்கு முன்பு யார் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பேச்சில்லை. கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இது நன்றாக நடக்கிறது.

கேள்வி: ஒரு அட்டை கோடிக்கணக்கில் விலை போனதாம். கதையா, நிஜமா?
— செங்கலடி வாசகர்

பதில்: நிஜம். 1952 டொப்ஸ் செட்டின் 311ஆம் இலக்கம், மிக்கி மான்டில், 2022 ஓகஸ்டில் ஏலத்தில் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. அந்த வருடத்தின் பிற்பகுதி அட்டைகள் விற்காமல் கிடங்கில் கிடந்தன. 1960இல் டொப்ஸ்காரரே அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அத்திலாந்திக் கடலில் கொட்டினார்கள். அட்டையை வடிவமைத்த சை பேர்கரே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பெயர் ஹோனஸ் வாக்னர். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த அட்டை. பிள்ளைகள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவார்கள் என்று, தன் படத்தைப் போட அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். காசு பற்றிய தகராறு என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ சிறிதளவே வெளியே வந்தது. அவற்றில் மிகப் பிரபலமான ஒன்று, ஒரு காலத்தில் ஐஸ் ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியிடம் இருந்தது. அதன் ஓரத்தை வெட்டித்தான் அழகாக்கினேன் என்று அதை விற்ற தரகர் 2013இல் ஒத்துக்கொண்டார். வெட்டிய அட்டை என்று தெரிந்த பிறகும் அதன் புகழ் குறையவில்லை. நம்மிடம் மூலை மடிந்த அட்டைக்கு முகம் சுளிக்கிறார்கள்!

கேள்வி: பேஸ்போல் நமக்குச் சம்பந்தமே இல்லாத அமெரிக்க விளையாட்டு. வயதான காலத்தில் சின்னப் பிள்ளைகள் சேர்க்கிற அட்டைகளைச் சேர்க்க உங்களுக்கு வேறு வேலை இல்லையா?
— பெயர் போடாத கடிதம், மட்டக்களப்பு

பதில்: ஓய்வூதியம் எடுக்கிறவனிடம் வேறு வேலை இல்லையா என்று கேட்டால், இல்லை.

சம்பந்தம் என்றீர்களே. நம்முடைய வெபர் மைதானத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகளில் ஒருவர் ஃபாதர் வெபர். அவர்கள் மட்டக்களப்பில் பல வருடம் இருந்தார்கள். கூடைப்பந்து இந்த ஊரில் இப்படி ஊறியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க விளையாட்டு என்று அதை யாரும் தள்ளி வைக்கவில்லையே. எனக்கு பேஸ்போல் வந்தது அந்த வழியிலும் இல்லை, ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் வழியாக. அவன் கடிதத்துக்குள் இரண்டு இரண்டு அட்டையாக வைத்து அனுப்பினான். நான் பதிலுக்கு இலங்கை முத்திரை அனுப்பினேன். அதுவும் மாற்றுத்தான்.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்ற பேச்சுக்கு ஜெபர்சன் பேர்டிக் போதும். நியூயோர்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஆள். கலியாணம் செய்யவில்லை, பணம் கிடையாது, மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவை. தபால் வழியே மாற்றியும் வாங்கியும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சு அட்டைகளைச் சேர்த்தார். அவற்றில் பேஸ்போல் மட்டும் 30,000க்கு மேல். எல்லாவற்றையும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்து, அங்கேயே மேசை போட்டு இருந்து, தன் கையால் அல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார். வாக்னர் அட்டையை உலகம் இன்று டி206 என்று அழைப்பது அவர் போட்ட பட்டியல் இலக்கத்தால்தான். அவர் அந்த அட்டைகளை இலக்கம் போட்டு அடுக்கியிராவிட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று எவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்த கடிதத்தில் பெயரைப் போடுங்கள். கோபிக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, எல்லாருக்கும் ஆலோசனை சொல்கிறீர்கள். உங்களுக்கு எது வேண்டும்? என் அண்ணன் கனடாவிலிருந்து தைப்பொங்கலுக்கு வருகிறார். கொண்டுவரச் சொல்லலாம்.
— களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்!

1987 டொப்ஸ் செட்டில் 170ஆம் இலக்கம், போ ஜக்சன். கன்சாஸ் சிற்றி ரோயல்ஸில் பேஸ்போலும், பிறகு ரெய்டர்ஸில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடிய மனிதர். ஒரு ஆள் இரண்டு வேலை பார்ப்பது நம் ஊரில் புதினமில்லை, அங்கே அது அதிசயம். கைக்கு வந்த இரண்டும் தபாலில் வளைந்து வந்தன. மேலே நான் பொதி செய்வது பற்றி ஏன் அவ்வளவு நீட்டினேன் என்று இப்போது விளங்கும்.

பதிலுக்கு என்னிடம் அதே செட்டின் 320ஆம் இலக்கம் பெரி பொண்ட்ஸ் டபிள் இருக்கிறது, 366 மார்க் மெக்வையரும் டபிள். இரண்டும் நல்ல நிலை. மெக்வையரின் பின்பக்கம் சிறிய சுவிங்கம் கறை, முன்பக்கம் சுத்தம். அண்ணன் எதை எடுத்தாலும் சரி, இரண்டையும் கேட்டாலும் யோசிப்பேன். கொண்டுவரும்போது பயணப் பெட்டியில் உடுப்புக்கு நடுவே, ஒரு புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். பணப்பைக்குள் மட்டும் வேண்டாம்.